புறங்கை

ஆறும் தாள் வந்த பிறகு மோட்டார் எரிவது நின்றுபோனது.

மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பி கெடுவதில்லை; கம்பியைச் சுற்றியிருக்கும் காப்புதான் கெடும். பருத்தி நாடா, வார்னிஷ் ஏற்றிய துணி, லெதராய்டு காகிதம் என்று எதைச் சுற்றினாலும் சூட்டில் என்றைக்காவது கருகும். மைக்கா ஒன்றுதான் சூட்டுக்கு அசையாது. ஆனால் அது ஏடு ஏடாக உதிர்கிற கல். அதைத் தண்ணீரில் அடித்துக் கூழாக்கி, காகிதம் போலப் படியவைத்து, கண்ணாடித் துணியில் ஒட்டி நாடாவாக்கினார்கள். அதுதான் மைக்கா தாள். பெரிய மோட்டார்களெல்லாம் அதை நம்பித்தான் ஓடின. அதிலும் சுற்றும்போது ஒரு காற்றுக்குமிழி உள்ளே மாட்டிக்கொண்டால் போச்சு. மின்சாரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கரையான் மாதிரி உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும்.

ஆறும் தாள் அந்த அரிப்பைத் தானே அடைத்துக்கொண்டது. அதுவும் மைக்கா தாள்தான், ஒட்டும் பிசின் மட்டும் வேறு. தயாரித்த கம்பெனிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். கோயம்புத்தூர் பட்டறைகளில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. புண் ஆறுகிற மாதிரி ஆறுவதால் ஆறும் தாள்.

அது வந்ததும் ஆவாரம்பாளையத்தில் தெருவுக்குத் தெரு இருந்த, எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் கடைகள் பேக்கரிகளாயின. துளசிமணி வேலை பார்த்த பட்டறை மட்டும் தப்பியது. கடல் நீரைக் குடிநீராக்கி மேற்கே மேட்டுக்கு ஏற்றும் பம்புகளுக்கு ஒரு வீடு அளவுக்குப் பெரிய மோட்டார்கள் வேண்டியிருந்தன. அவற்றுக்குப் புதிதாகச் செம்புக் கம்பிக் காயில் சுற்றி, ஆறும் தாள் போட்டு, சோதித்து அனுப்புவது அந்தப் பட்டறையின் வேலை. சோதிப்பது அவள் கணவன் சென்னியப்பன். பக்கத்தில் சுவிட்சுப் பலகை முன்னால் நின்று வோல்டேஜை ஏற்றி இறக்குவது அவள்.

முதல் உருளை வந்த அன்று அவன் அதில் ஒரு துண்டைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மைக்கா மின்னியது.

"நம்ம தோலு மாதிரி அம்மிணி. கீறல் உழுந்தா ரத்தம் ஓடி வந்து அடைக்குதில்ல? இதுல ரத்தத்துக்குப் பதிலா கரண்டு" என்றான்.

"அப்ப எந்நேரமும் உள்ளுக்குள்ள கரண்டு இருக்குமா?"

"கொஞ்சம் சேத்து வெச்சுக்குமாமா. எர்த் பண்ணுனா போயிருமுங்கறாங்க. உன்னையாட்டம் மனசுக்குள்ளயே வெச்சிருக்காது."

சோதனை என்றால் ஓடும்போது தாங்க வேண்டியதைவிடப் பல மடங்கு வோல்டேஜைக் காயிலில் ஏற்றி நிறுத்துவது. தாங்கினால் காப்பு நல்லது. பிறகு இறக்கி, அணைத்து, நீண்ட கம்பின் முனையிலிருக்கும் எர்த் கிளிப்பைச் செம்பு முனையில் மாட்டி, மிச்ச மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பிவிட வேண்டும். உலகத்தில் எல்லாப் பட்டறையிலும் வேலை இத்தோடு முடிந்தது. இந்தப் பட்டறையில் மட்டும் இன்னொன்று இருந்தது. சோதித்தவன் எல்லோரும் பார்க்க, காயிலைப் புறங்கையால் தொட வேண்டும். உள்ளங்கையால் தொட்டால், ஏதாவது மிச்சம் இருந்து கை சுருங்கும்போது காயிலையே பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறிவிடும். தொட்டுவிட்டு "தொட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அது காதில் விழுந்தால்தான் மற்றவர்கள் மோட்டாருக்குள் ஏறிக் காயில்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுப்போட உட்காருவார்கள். எப்போதோ ஒருவன் எர்த் பண்ண மறந்து இன்னொருவன் செத்ததிலிருந்து வந்த வழக்கம். மறந்தவன் முதலில் சாகட்டும் என்பது அதன் நியாயம். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆறும் தாள் சுற்றிய முதல் மோட்டாரைச் சோதித்தபோதே சென்னியப்பன் செத்தான்; அன்று அவன் மறக்கவில்லை. துளசிமணி சுவிட்சுப் பலகை முன்னால் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கிளிப்பை மாட்டினான். பல் பதிந்திருக்கிறதா என்று கம்பை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான். செம்பில் மீட்டர் பூஜ்யம் காட்டியது. பட்டறையில் யாரோ டீ வந்துவிட்டது என்றார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே காயிலிடம் புறங்கையைக் கொண்டுபோனான்.

தொட்டாச்சு என்ற சொல் வரவில்லை.

கட்டுப்போடும் ராக்கியப்பன் நைலான் கயிற்றை வீசி அவனை இழுத்துப் போட்டான். இழுத்த இழுப்பில் கம்பு சாய்ந்து கிளிப் கழன்று தரையில் விழுந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி பார்த்தது தரையில் கிடந்த கிளிப்பைத்தான்.

அவர் கெட்டவர் இல்லை. துளசிமணிக்கு உட்கார நாற்காலி போடச் சொல்லிவிட்டுத்தான் பேசினார். கிளிப் மாட்டியிருந்தால் மின்சாரம் வர வழியே இல்லை என்றார். மாட்டியதை நான் பார்த்தேன் என்றாள். நீங்கள் அவர் மனைவி, அதுவும் வோல்டேஜை அணைத்தது நீங்கள், இரண்டையும் யோசித்துப் பேசுங்கள் என்றார். ராக்கியப்பனைக் கேட்டார்கள். அவன் டீ வந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அதை அவன் மறைக்கவில்லை. உயிரிழந்தவரின் கவனக்குறைவு என்று முடிவு எழுதினார்கள்.

அந்தச் சொல் அவளைத் தின்றது. சென்னியப்பன் வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, வாசல் வரை போய், திரும்பி வந்து பார்க்கிற ஆள். அந்தப் பழக்கத்துக்காக அவனை எத்தனை முறை திட்டியிருப்பாள். இப்போது அதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சொந்தக்காரர்கள் கவனமாயிருக்கிற மனுசனுக்கும் ஒரு நாள் கண்ணு மறைக்கும் என்றார்கள். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோரும் அவனையே குற்றவாளியாக்கினார்கள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: கிளிப் மாட்டியிருந்தும் மின்சாரம் வந்தது என்று யாராவது எழுதித் தர வேண்டும். அது அவனுக்காக மட்டும் இல்லை. அதே தாளைச் சுற்றிய மோட்டார்கள் பட்டறையில் வரிசையாக நின்றன. சென்னியப்பனுக்குப் பிறகு சோதிக்கும் வேலை அவளுக்கு வந்தது. புறங்கை இனி அவளுடையது. முதலாளியிடம் போய், இந்தத் தாள் என்னவென்று தெரியும்வரை மோட்டாரைச் சோதிக்க மாட்டேன் என்றாள். அவர் தாள் கம்பெனிக்கு எழுதினார்.

கம்பெனியிலிருந்து மதனகோபால் என்ற இஞ்சினியர் சென்னையிலிருந்து வந்தார். நாற்பதைத் தாண்டிய, மெல்லப் பேசுகிற ஆள். அவர் முன்னால் வோல்டேஜை ஏற்றினார்கள், இறக்கினார்கள், கிளிப்பை மாட்டினார்கள். செம்பில் மீட்டர் பூஜ்யம். கிளிப்பை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். முள் சோம்பேறித்தனமாய் இத்துனூண்டு எழுந்து படுத்தது. அது எல்லாக் காப்பிலும் வருவதுதான், அதில் எறும்பு கூடச் சாகாது என்றார். இரண்டாம் முறை வந்தபோதும் அதேதான். துளசிமணிக்கு மீட்டரைத் தூக்கித் தரையில் அடிக்கலாம் போலிருந்தது. அது பொய் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல்.

"மேடம், இந்தத் தாள் எத்தனையோ நாட்டுல ஓடுது. ஒரு எடத்துல கூட இப்படி நடக்கல" என்றார் மதனகோபால்.

"ஒரு எடத்துல நடந்திருக்குதுங்களே. நீங்க நிக்கறது அந்த எடத்துலதான்."

ராக்கியப்பன் ஒரு டம்ளர் டீயை அவர் கையில் கொடுத்து, "குடிங்க சார். இங்க டீ குடிக்கற நேரம் ரொம்ப முக்கியமுங்க" என்றான். அவன் தன்னைத்தான் குத்திக்கொள்கிறான் என்பது துளசிமணிக்கு மட்டும் தெரிந்தது.

மூன்றாம் முறை அவள் கடிதத்துக்கு மேல் கடிதமாகத் தொந்தரவு பண்ணியதால் வந்தார். வேறொரு மீட்டர் கொண்டுவந்திருந்தார். செம்பைத் தொடாமல், தாளின் மேற்பரப்பில் எவ்வளவு மின்னழுத்தம் இருக்கிறது என்று தள்ளியிருந்தே காட்டுகிற கருவி. காயிலுக்கு எதிரே முக்காலியில் நிறுத்தினார். சோதனை முடிந்து கிளிப் மாட்டியாயிற்று. செம்பிலும் பூஜ்யம், தாளின் மேலும் பூஜ்யம். அவருக்கு அலுத்துப்போனது.

"சார் எந்த எடத்துல தொட்டார்னாவது சொல்லுங்க. அங்க வெச்சுப் பாத்துட்டுக் கிளம்பறேன்."

அவள் எழுந்துபோய் "இந்தா, இங்க" என்று கையை நீட்டினாள். காட்டத்தான் நீட்டினாள். பழக்கத்தில் கை தானாகத் திரும்பிப் புறங்கையாகியிருந்தது. தாளுக்கும் கைக்கும் இடையில் ஒரு சாண் கூட இல்லை.

ராக்கியப்பன் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். அவன் கண் மீட்டரில் இருந்தது. அன்று டீ வந்த பக்கம் பார்த்தவன், அதற்குப் பிறகு எந்தச் சோதனையிலும் மீட்டரை விட்டுக் கண்ணை எடுத்ததில்லை.

"முள்ளு எந்திரிச்சுதுக்கா."

மூவரும் முள்ளைப் பார்த்தார்கள். அது திரும்பப் படுத்துவிட்டது. மதனகோபால் கையை நீட்டப் போனார். ராக்கியப்பன் அவரையும் தடுத்துவிட்டு வெளியே போனான். பக்கத்து மெஸ்ஸிலிருந்து ஒரு வாழைத்தண்டு வாங்கிவந்தான். உப்புத் தண்ணீரில் நனைத்து, கண்ணாடியிழைக் கம்பின் நுனியில் கட்டி, அதிலிருந்து எர்த்துக்கு ஒரு கம்பி இழுத்தார்கள். மனிதக் கைக்கு அதைவிட நெருக்கமாக அந்தப் பட்டறையில் எதுவும் கிடைக்கவில்லை. எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டுத் துளசிமணி கம்பைப் பிடித்தாள்.

வாழைத்தண்டு நெருங்க நெருங்க முள் ஏறியது. கிளிப் செம்பில் கடித்துக்கொண்டு இருந்தது. தண்டு தாளைத் தொட்ட இடத்தில் நீலப் பொறியோடு ஒரு சத்தம் கேட்டது. பிறகு அவித்த கறியின் வாசனை வந்தது.

மதனகோபால் தரையைப் பார்த்துக்கொண்டு விளக்கினார். தாள் தனக்குள் எங்கே விரிசல் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? பக்கத்தில் மின்புலம் கலைந்தால் அங்கே விரிசல் என்று எடுத்துக்கொள்கிறது. உடனே ஆழத்தில் சேர்த்துவைத்திருப்பதையெல்லாம் அந்த இடத்துக்கு அனுப்பிப் பிசினை இறுகவைக்கிறது. கிளிப் செம்பில்தான் இருக்கும்; தாளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஈரமும் உப்பும் உள்ள ஒன்று வெளியிலிருந்து தாளிடம் வந்தால் கதை வேறு.

"கையை அது பெரிய காயம்னு நெனச்சிருக்குங்க. ஆத்தறதுக்கு அனுப்பியிருக்கு" என்றார்.

"ஆத்திருச்சுங்க" என்றாள் துளசிமணி.

அன்று வீட்டுக்குப் போய், சென்னியப்பன் செத்த பிறகு முதன்முறையாக வயிறாரச் சாப்பிட்டாள். எல்லாம் முடிந்தது, இனி எழுதித் தருவார்கள் என்று நினைத்தாள்.

எழுதித் தந்தார்கள். கம்பெனி, தாளைச் சுற்றிய காயிலின் மேற்பரப்பை எந்தக் காரணம் கொண்டும் வெறும் கையால் தொடக்கூடாது என்று எல்லா நாட்டுக்கும் அறிவிப்பு அனுப்பியது. விசாரணை அலுவலகம் அந்த அறிவிப்பை எடுத்துவைத்துக்கொண்டு பழைய முடிவைத் திருத்தியது. உயிரிழந்தவர் எர்த் செய்திருந்தார். ஆனால் தொடக்கூடாத மேற்பரப்பைத் தொட்டார். ஆகவே கவனக்குறைவு.

அவள் அந்த அலுவலகத்துக்கு நேரில் போனாள். அவன் சாகும்போது அப்படியொரு விதியே இல்லையே என்றாள். அதே அதிகாரி, அதே நாற்காலி. விதி அப்போது இல்லைதான், ஆனால் வேறெந்தப் பட்டறையிலும் யாரும் தொடுவதில்லையே, உங்கள் ஆட்கள் மட்டும் எதற்காகத் தொடுகிறார்கள் என்று கேட்டார்.

"கூட வேலை செய்யறவன் சாகக்கூடாதுன்னுங்க" என்றாள்.

அது எந்த விதியில் இருக்கிறது என்றார். நியாயமான கேள்வியாகத்தான் கேட்டார். படியிறங்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலாம் போலிருந்தது. சுவரில் முட்டிக்கொண்டே இருந்து, கடைசியில் சுவர் கொஞ்சம் நகர்ந்து கொடுத்து, நகர்ந்த இடத்திலும் அதே சுவராகவே நின்ற மாதிரி இருந்தது. மேல்முறையீடு எழுதினாள். திரும்பி வந்தது. மறுபடி எழுதினாள்.

ஒரு வருடம் கழித்து மதனகோபால் புதிய தாளோடு வந்தார். பிசினை மாற்றியிருந்தார்கள். இது கையை அடையாளம் தெரிந்துகொள்ளும் என்றார். கை நெருங்கினால் மின்சாரத்தை அனுப்பாது. மேலே இருப்பதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைச் சுற்றிய முதல் மோட்டார் தயாராக நின்றது. மேட்டுப் பக்கத்து ஊர்கள் லாரித் தண்ணீரில் ஓட்டிக்கொண்டிருந்தன. மோட்டார் எப்போது வரும் என்று தினமும் போன் வந்தது.

துளசிமணி சோதித்தாள். கிளிப்பை மாட்டினாள். கம்பை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியிழைக் கம்பை எடுத்தாள். ராக்கியப்பன் காலையிலேயே புது வாழைத்தண்டு வாங்கிவைத்திருந்தான்.

தண்டு நெருங்கியது. முள் ஏறியது. பழையபடியே நீலச் சத்தம், பழையபடியே வாசனை.

ராக்கியப்பன் மதனகோபாலை ஏற இறங்கப் பார்த்தான். "ஏனுங் சார், பழைய தாளுக்குப் புதுச் சட்டை போட்டுக் கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லப்பா. அது கை இல்லையே. வாழைத்தண்டு வாழைத்தண்டுன்னு அதுக்குத் தெரியும். காயத்தையும் கையையும் பிரிச்சுப் பாக்கத்தான் கத்துக் கொடுத்திருக்கோம்."

"அப்ப நெசமாலுமே தெரியுதான்னு எப்பிடிங்க பாக்கறது?" என்றாள் துளசிமணி.

"கையை வெச்சுத்தான்."

"நீங்க வெச்சுப் பாத்தீங்களா?"

அவர் முகம் சிறுத்தது. "சின்ன மாதிரித் துண்டுல, கம்மி வோல்டேஜ்ல வெச்சோம். இவ்வளவு பெரிய மோட்டார்ல யாரும் வெக்கல. வைக்க வேண்டியதும் இல்ல மேடம். விதிப்படி யாரும் தொடவே கூடாது. அப்படியே உள்ள ஏறி வேலையைப் பாக்கலாம்."

ராக்கியப்பன் கட்டுக் கயிற்றைத் தோளில் போட்டபடி நின்றான். அவனுக்குப் பின்னால் மற்ற ஆட்கள் நின்றார்கள். யாரும் முரண்டு பிடிக்கவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. வெறுமனே நின்றார்கள். மோட்டாருக்குள் ஏறினால் முதுகும் முழங்கையும் அந்தத் தாளில்தான் உரசும். தொடாதே என்ற விதியை எழுதியவர்கள் ஒருவரும் மோட்டாருக்குள் உட்கார்ந்து கட்டுப்போட்டதில்லை. தொட்டாச்சு என்ற சொல் வந்தால் ஏறுவார்கள். வராவிட்டால் நிற்பார்கள். அதுவும் சென்னியப்பனுக்குப் பிறகு.

மதனகோபாலுக்கு அது புரிந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "நானே தொடறேன்."

"வேண்டாமுங்க. சோதிச்சவங்கதான் தொடோணும்" என்றாள் துளசிமணி. பிறகு, இவ்வளவு நேரம் கேட்காமலிருந்ததைக் கேட்டாள். "கை எப்பிடி இருக்கும்னு அதுக்கு யாருங்க சொல்லிக் கொடுத்தது?"

அவர் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் மேடம் என்பது போய் அம்மா என்று வந்தது.

"அம்மா, லேப்ல எங்க கைகளையெல்லாம் பதிஞ்சு பாத்தோம். கம்மி வோல்டேஜ்ல அது போதல. முழு வோல்டேஜ் ஏறுன காயில்கிட்ட ஒரு கை வர்றது, தொடறது வரைக்கும் முழுசா எப்படியிருக்கும்னு உலகத்துலயே ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. சார் தொட்ட காயிலை இங்கேருந்து நாங்க வாங்கிட்டுப் போனோமில்ல. ஆறுன எடத்தைத் தாள் மறக்காது. அந்த எடத்துலேருந்துதான் எடுத்தோம். இனிமே எந்தத் தாளும் கைன்னா அந்தக் கையைத்தான் நெனைக்கும்."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. கேட்காமல் எடுத்திருக்கிறார்கள். எடுத்ததைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஒருபக்கம் அவன் கையை வைத்து ஊரையெல்லாம் காப்பாற்றிக்கொண்டு, இன்னொரு பக்கம் அந்தக் கை செய்ததைக் கவனக்குறைவு என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். எந்த அலுவலகத்துக்கு எழுதி இதைத் திருத்தச் சொல்வது?

"எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றாள்.

ராக்கியப்பன் நைலான் கயிற்றை அவள் இடுப்பில் கட்டினான். மறுநுனியைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். "நான் மீட்டரைத்தான் பாப்பேன்க்கா. வேற எதையும் பாக்க மாட்டேன்."

வாழைத்தண்டு சுட்ட பிறகும் தாளின் மேற்பரப்பைக் காட்டும் முள் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அவள் கையைத் திருப்பிப் புறங்கையாக்கினாள். சென்னியப்பன் கொண்டுபோனது போலவே, அவசரமில்லாமல், பக்கவாட்டில் கொண்டுபோனாள். ஒரு முழம். ஒரு சாண். கையின் பூனைமுடி சிலிர்த்து நின்றது. அது நின்றால் மேலே மின்சாரம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கையை நிறுத்தினாள். எடுக்கவில்லை.

முடி படிந்தது.

"எறங்குதுக்கா" என்றான் ராக்கியப்பன். "எறங்குது… பூஜ்யம்."

அவள் தொட்டாள். தாள் வெதுவெதுப்பாக இருந்தது. பிசின் இறுகிய வழவழப்புக்கு அடியில் மைக்காவின் சொரசொரப்பு இலேசாகத் தட்டுப்பட்டது.

"தொட்டாச்சு" என்றாள்.

ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். யாரோ டீ வந்துவிட்டது என்றார்கள். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மதனகோபால் முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். வழக்கத்துக்கு ஒரு முறை தொட்டால் போதும்.

ராக்கியப்பன் இடுப்புக் கயிற்றை அவிழ்க்க வந்து, அவள் கை இன்னும் அங்கேயே இருப்பதைப் பார்த்து நின்றான்.

"அக்கா, எடுத்துக்கலாமுங்க."

"நீ உள்ள போயி வேலையைப் பாரு" என்றாள் துளசிமணி.